சங்கமும் சக்கரமும் – 9: பதினைந்துக்குக் கீழே

சென்ற வாரம் 1977 ஜூலை 21ஆம் திகதி இரவில் நிறுத்தியிருந்தேன். தேர்தல் முடிவுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. 168 ஆசனங்களில் 140 ஐ ஐக்கிய தேசியக் கட்சி அள்ளிக்கொண்டது. அப்போது இரண்டு கேள்விகள் எழுந்தன. இருபது வருடமாகத் தனியார் பஸ்ஸுக்குப் பூட்டிக் கிடந்த வீதியை அந்தக் கட்சியின் தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன திறந்துவிடுவாரா? திறந்தால், உலகத்தின் மிகப் பெரிய பஸ் நிறுவனம் என்று பேரெடுத்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) ஐம்பதினாயிரம் ஊழியர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா?

ஜே.ஆர். திறந்துவிட்டார். தொழிலாளரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்கள் சண்டை பிடித்தது ஓரிடம், தோற்றது இன்னோரிடம். வீதியில் பிடித்த சண்டையை ஊரே பார்த்தது. சட்டப் புத்தகத்தில் தோற்றதை அநேகர் இன்றுவரை கவனிக்கவில்லை.

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958 ஜனவரி 1ஆம் திகதி எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சேனாநாயக்க. அதற்கு முந்திய வருடம் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளைக் கொண்டுவந்தார்கள். அதே 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. நேற்றுவரை கம்பனி முதலாளியின் கண்ணசைவில் வேலை இழந்த டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, லீவு, சேமலாபம், முறையிட ஒரு நியாய சபை என்று எல்லாம் ஓரிரு வருடத்தில் கைக்கு வந்துவிட்டன. 1970 இல் சமசமாஜக் கட்சியின் லெஸ்லி குணவர்தன அமைச்சரானார், அனில் முனசிங்க சபைத் தலைவரானார். டிப்போக்களில் ஊழியர் சபைகள் கூடின. டிப்போவை நடத்துவதில் தொழிலாளிக்கும் ஒரு வாய் கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன் யாராவது இதைச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

இதெல்லாம் டிப்போ வாசலுக்கு உள்ளே நடந்த கதை. வாசலுக்கு வெளியே நின்றவர் யார்? மருதமுனைச் சந்தியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நம்மவர்தான்.

பழைய இ.போ.ச.வை இன்று நினைத்து உருகுகிறவர்கள் எழுபதுகளில் பஸ்ஸுக்காகக் காத்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். கல்முனையிலிருந்து வரும் பஸ் பாண்டிருப்பிலேயே நிறைந்துவிடும். இங்கே நிறுத்தாமல் போகும். நிறுத்தினாலும் புட்போர்ட்டில் ஒரு காலுக்குத்தான் இடம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை, அதனால் ஓட வேண்டிய பஸ்களில் பல டிப்போவுக்குள்ளேயே கிடந்தன. தேர்தல் பயத்தில் எந்த அரசும் கட்டணத்தைத் தொடவில்லை. அதே அரசுகள் தொகுதி எம்.பி.யின் கடிதத்தோடு வந்தவரையெல்லாம் வேலைக்கு எடுத்தன. ஆள் கூடியது, பஸ் குறைந்தது. நட்டத்தைத் திறைசேரி சுமந்தது. தொழிற்சங்கங்கள் இதை அறியாதவை அல்ல. தம்மவருக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்ததால் அவையும் வாய் திறக்கவில்லை.

ஆகவே 1979 இல் தனியார் பஸ் மறுபடி வீதிக்கு வந்தபோது இந்தக் கரையோரத்தில் யாரும் கறுப்புக் கொடி கட்டவில்லை. கையைக் காட்டிய இடத்தில் நிற்கிறான், மூட்டையை ஏற்றுகிறான் என்று மெச்சத்தான் செய்தார்கள். பிள்ளைகளின் சீசன் டிக்கட்டை அவன் ஏற்கமாட்டான் என்பது பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்த அமைச்சர் எம்.எச். முஹம்மத். பொரளைத் தொகுதிக்காரர். நம் முஸ்லிம் சமூகத்து மூத்த அரசியல்வாதி என்பதால் அவர் பெயர் இங்கே எல்லாருக்கும் தெரியும். அவருடைய இன்னொரு பதவி பலருக்கு ஞாபகமிருக்காது. 1965 முதல் 1970 வரை டட்லி சேனாநாயக்க அரசில் தொழில் அமைச்சராக இருந்தவர் அவர்தான். தொழில் சட்டம் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இது என் ஊகம். அவர் எங்கும் அப்படிச் சொன்னதாக நான் சொல்லவில்லை.

முதல் அடி 1978 இலேயே விழுந்தது. அந்த ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒரே சபையாக இருந்ததை ஒரு மத்திய சபை, ஒன்பது பிராந்திய சபைகள் என்று பிரித்தது. நிர்வாக வசதிக்காக என்றார்கள். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் முன்னர் கொழும்பில் ஒரு தலைவரோடு மேசையில் இருந்து பேசிய சங்கம், இனி எத்தனை மேசைகளைத் தேடிப் போக வேண்டும்? இடையில் ஆளுங்கட்சியின் ஜாதிக சேவக சங்கமயவும் அரச நிறுவனங்களில் மளமளவென்று வளர்ந்தது. அதன் தலைவர் அமைச்சர் சிறில் மத்தியு. இடமாற்றம் வேண்டுமா, பதவி உயர்வு வேண்டுமா, அந்தச் சங்கத்து அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும். இடதுசாரிச் சங்கங்களில் இருபது வருடம் சந்தா கட்டியவர்கள் மெல்ல மெல்லக் கட்சி மாறினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டுமே.

இனி 1980.

அந்த வருடம் ஜூலை மாதம் உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் எழுதப்பட்டன. ஜூலை 1ஆம் திகதி வாஷிங்டனில் ஜிம்மி கார்ட்டர் மோட்டார் கரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1935 முதல் அமெரிக்காவில் யார் லொறிக் கம்பனி தொடங்கலாம், எந்தப் பாதையில் ஓடலாம், என்ன கூலி வாங்கலாம் என்பதை ஒரு மத்திய ஆணைக்குழு கட்டுப்படுத்தி வந்தது. அந்த வேலிக்குள்தான் லொறி டிரைவர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் வளர்ந்தது. மினியாபொலிஸ் நகரில் 1934 இல் லொறித் தொழிலாளர் இரத்தம் சிந்திய கதையை நான்காம் பகுதியில் எழுதியிருந்தேன். அங்கிருந்து முப்பது வருடத்தில், 1964 இல், அந்தச் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹொஃபா நாடு முழுவதற்கும் ஒரே சம்பள ஒப்பந்தம் போட்டார். சுமார் நான்கு இலட்சம் டிரைவர்கள் அதற்குள் வந்தார்கள். கார்ட்டர் அந்த வேலியைப் பிடுங்கினார். பிடுங்கச் சொல்லி முன்னின்றவர் வலதுசாரி யாருமல்லர். ஏழைகளின் தோழர் என்று பேர் வாங்கிய செனட்டர் எட்வர்ட் கென்னடி. போட்டி வந்தால் கூலி குறையும், கூலி குறைந்தால் கடையில் பொருள் மலியும் என்பது வாதம். அதுவும் பொய்யல்ல. கூலி குறைந்தது.

கொழும்பில் அதே ஜூலை வேறு மாதிரி விடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஜூன் 5ஆம் திகதி, தொழிற்சங்கங்களின் கூட்டுக் குழு எதிர்ப்பு நாள் நடத்தியது. ஆர்ப்பாட்டக்காரர் மீது நடந்த தாக்குதலில் டி. சோமபால என்ற அரச ஊழியர் கொல்லப்பட்டார். திகதியைக் கவனியுங்கள். 1947 பொது வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் வி. கந்தசாமி என்ற அரசாங்க லிகிதர் விழுந்ததும் ஒரு ஜூன் 5ஆம் திகதிதான். முப்பத்து மூன்று வருட இடைவெளியில் ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் ஒரே திகதியில் ஒரே விடயத்துக்காகப் போனார்கள். நம் பாடப் புத்தகங்களில் இந்த இரண்டு பெயர்களையும் நான் பார்த்ததில்லை.

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் 300 ரூபா உயர்வு. வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபா. திறந்த பொருளாதாரம் வந்த கையோடு விலைவாசி பறந்துகொண்டிருந்த காலம் அது. இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் மூண்ட தீ பரவியது. ஜூலை 16 இல் அரசு அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. 18 இல் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட எந்த இடத்திலும் வேலைக்கு வராதவர் தாமாகவே பதவியை விட்டு விலகியவராகக் கருதப்படுவார் என்றது ஒழுங்குவிதி. விசாரணை கிடையாது, விளக்கக் கடிதம் கிடையாது. வரவில்லை என்றால் போய்விட்டாய். 40,000 க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ரொனால்ட் ரீகன் 11,000 க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்ததை உலகமே வியந்து பேசியது. இந்த விடயத்தில் ஜே.ஆர். அவரை முந்திக்கொண்டார்.

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்னைய காலத்தில் இ.போ.ச. நின்றால் நாடு நின்றது. வாத்தியார் பள்ளிக்குப் போக முடியாது, கிளாக்கர் கந்தோருக்குப் போக முடியாது, கல்முனைச் சந்தைக்கு ஆள் வராது. அந்தப் பலம்தான் மற்றத் தொழிலாளருக்கும் முதுகெலும்பு. 1979 இற்குப் பிறகு வீதியில் இன்னொரு பஸ் ஓடியது. அதன் டிரைவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர் துரோகியுமல்லர். அன்று பஸ் எடுக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லாத ஒரு மனிதர், அவ்வளவுதான்.

வீதிச் சண்டை இத்துடன் முடிந்தது. இனிச் சட்டப் புத்தகத்தைத் திறப்போம்.

1971 இல் இலங்கைப் பாராளுமன்றம் 45ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம் என்பார்கள். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். தொழிலாளிக்கு இவ்வளவு பாதுகாப்புத் தரும் சட்டம் ஆசியாவில் அதிகமில்லை. அதை நீக்கச் சொல்லி முதலாளிமார் சங்கங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டுவருகின்றன. 1977 இற்குப் பிறகு வந்த எந்த அரசும் நீக்கவில்லை. திறந்த பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற ஜே.ஆர். கூட நீக்கவில்லை.

நீக்கத் தேவையிருக்கவில்லை. சட்டத்துக்குள்ளேயே ஒரு எண் இருக்கிறது: பதினைந்து. முந்திய ஆறு மாதத்தில் சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. 1983 இல் வந்த பணிக்கொடைச் சட்டமும் அதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடம் உழைத்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, ஆனால் முதலாளியிடம் பதினைந்து பேர் இருந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தொழில் நியாய சபையின் படியேறிக் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, தனியார் பஸ்ஸில் எத்தனை பேர்? ஒரு டிரைவர், ஒரு கொண்டக்டர். பஸ் முதலாளியிடம் எத்தனை பஸ்? இன்றும் நாட்டில் பெரும்பாலானவர்களிடம் ஒன்றே ஒன்றுதான். ரூட் பெர்மிட் அப்படித்தான் ஆளுக்கொன்றாகப் போனது. 1958 இற்கு முன்னர் இருந்தவை கம்பனிகள். அவை திரும்பி வந்திருந்தால் நூற்றுக்கணக்கான தொழிலாளருக்கு ஒரு முதலாளி இருந்திருப்பார், சட்டம் அவரைப் பிடித்திருக்கும், சங்கமும் பிடித்திருக்கும். வந்தவர்களோ ஆயிரக்கணக்கான சின்ன முதலாளிகள். வளவை ஈடு வைத்தவர், வெளிநாட்டில் உழைத்த காசைப் போட்டவர், லீசிங் கட்டுகிறவர். பலர் தாமே டிரைவர் ஆசனத்தில் இருந்தவர்கள். அவர்களைச் சுரண்டல்காரர் என்று மேடையில் திட்டினால் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு நாள் கணக்கை அருகில் போய்ப் பாருங்கள். விடியற்காலை கல்முனை பஸ் நிலையத்தில் கொண்டக்டரின் குரல்: “சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பாலமுனை, அட்டாளச்சேன, அக்கரப்பத்து!” முன்னே போன பஸ்ஸுக்கும் பின்னே வரும் பஸ்ஸுக்கும் இடையில் கிடைக்கிற நிமிடங்களில் சந்திக்குச் சந்தி ஆளைப் பொறுக்க வேண்டும். இரவு முதலாளி வீட்டு வாசலில் கலெக்ஷனை எண்ணுவார்கள். முதலில் டீசலுக்குப் போகும். நேரக்காப்பாளருக்குக் கொடுத்தது கழியும். டயர், பழுது, தண்டம் என்று கழியும். முதலாளியின் பங்கு போகும். மிஞ்சியதில் இருவருக்கும் கைக்காசு. மழை பெய்து ஆள் குறைந்தால் கைக்காசும் குறையும். ஹர்த்தால் என்றால் அன்றைக்குக் கூலியே இல்லை. காய்ச்சல் என்று படுத்தால் மறுநாள் ஆசனத்தில் வேறொருவர் இருப்பார். சேமலாபச் சட்டத்துக்குப் பதினைந்து என்ற வரம்பு கிடையாது. ஒருவர் வேலை செய்தாலும் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டியே ஆக வேண்டும். ஆனால் மாதச் சம்பளமே இல்லாதவருக்கு எதில் எட்டு, எதில் பன்னிரண்டு? பெரும்பாலும் பெயரே பதிவில் இருக்காது. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று தனிச் சபையே உண்டு என்று எத்தனை கொண்டக்டர்களுக்குத் தெரியும்?

சங்கம் அமைக்கலாமே என்பீர்கள். தாராளமாக. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும், பதிவு செய்யலாம். ஏழு பேருக்கு ஏழு முதலாளிகள். யாரோடு போய்ப் பேசுவது? கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் வந்த திருத்தம் இன்னும் வேடிக்கை. தொழிலாளரில் 40 வீதமானோரைக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேச மறுத்தால் குற்றம் என்கிறது. நல்ல சட்டம்தான். நம்ம பஸ்ஸில் கொண்டக்டர் ஒருவரே ஐம்பது வீதம்!

அமெரிக்காவில் நடந்ததும் இதே வித்தைதான், அளவு மட்டும் பெரிது. 1980 இல் 18,000 க்கும் குறைவாக இருந்த லொறிக் கம்பனிகள் பத்து வருடத்தில் 40,000 ஐத் தாண்டின. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் சங்கம் இல்லை. பல கம்பனிகள் டிரைவரை வேலைக்கே எடுக்கவில்லை. “லொறியைக் கடனுக்கு நீயே வாங்கு, எங்களுக்கு ஓட்டு” என்றன. 1947 இன் டஃப்ட்–ஹார்ட்லி சட்டப்படி சுயேச்சை ஒப்பந்தக்காரர் தொழிலாளி அல்லர். சங்கமாகப் பேரம் பேசும் உரிமை அவருக்கில்லை. நேற்று டீம்ஸ்டர்ஸ் அட்டை வைத்திருந்தவர் இன்று தன்னந்தனி முதலாளி. கடன் மட்டும் அவருடையது. இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், கார்ட்டர் மீதிருந்த கோபத்தில் டீம்ஸ்டர்ஸ் சங்கம் 1980 தேர்தலில் ஆதரித்தது ரீகனை.

நம்மூர் லொறிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இலங்கையில் லொறி ஒருபோதும் இ.போ.ச. மாதிரி அரச உடைமையாகவில்லை. மருதமுனைச் சாரன் கட்டுகளைப் புறக்கோட்டைக்கு ஏற்றிப் போனவரும் அவருடைய கிளீனரும் அங்கே இறக்கிய நாட்டாமியும் எந்தக் காலத்திலும் பதினைந்துக்குக் கீழேதான் இருந்தார்கள். இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. 1977 இற்குப் பிறகு இறக்குமதித் துணி வந்து தறிகள் ஓய்ந்தபோது ஏற்றுவதற்குக் கட்டும் குறைந்தது. திறந்த பொருளாதாரத்தில் டிப்போக்காரரும் தறிக்காரரும் சேர்ந்துதான் அடிபட்டார்கள். ஆனால் ஒருவருக்காக மற்றவர் தெருவில் இறங்கியதில்லை.

தனியார் பஸ் சேவைகளுக்கென்று தனிச் சட்டம் 1983 இல்தான் வந்தது, 44ஆம் இலக்கம். பஸ் வந்து நான்கு வருடம் கழித்து! பெர்மிட், பாதை, நேரம் என்பதுதான் அதன் அக்கறை. ஓட்டுகிறவர் எத்தனை மணிநேரம் தூங்கினார் என்பது அதற்குள் அடங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் டிப்போக்களுக்குள் இன்னும் மாதச் சம்பளம் இருந்தது, சேமலாபம் இருந்தது, பெயருக்காவது சங்கம் இருந்தது. அதையும் அசைக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் ஜே.ஆருக்குப் பின் ஜனாதிபதியான ஆர். பிரேமதாச. அவர் ஜே.ஆரைப் போல அடிக்கவில்லை, வேலைநீக்கம் செய்யவில்லை. வேறொரு யோசனை வைத்திருந்தார். டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக்கி, பங்குகளில் பாதியைத் தொழிலாளர் கையிலேயே இனாமாகக் கொடுப்பது. தொழிலாளியே முதலாளியானால் சங்கம் யாரை எதிர்த்துக் கொடி பிடிக்கும்?

அந்தக் கோப்பு கொழும்பில் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தபோது இங்கே 1990 ஜூன் பிறந்தது. போர் மறுபடி வெடித்தது. பெரியநீலாவணையைத் தாண்டி, கல்லாறு, களுவாஞ்சிகுடி, குருக்கள்மடம் வழியாகக் காத்தான்குடிக்குப் போகிற அதே வீதி. ஜூலையில் அந்த வீதியில் புறப்பட்ட முஸ்லிம் பயணிகளில் பலர் குருக்கள்மடத்தைத் தாண்டவில்லை. பஸ்ஸை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்த டிரைவர்களுக்கு அவசரகாலச் சட்டம் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். அவர்களுக்குக் கிடைக்கவிருந்த அந்த இனாம் பங்குப் பத்திரங்கள் கடைசியில் என்ன விலைக்குப் போயின?

அடுத்த வாரம் படியுங்கள்.